பொம்பெயும் வெசுவியஸும் ஒரே நாளில்: எந்த வழியில் போவது?

போன மாதம் தம்பி கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டான். "அக்கா, செப்டம்பர்ல இத்தாலி வர்றோம். நேப்பிள்ஸ் பக்கம் ஒரே ஒரு நாள்தான் இருக்கு. பொம்பெயும் பாக்கணும், எரிமலையும் ஏறணும். ரெண்டையும் சேத்துக் கூட்டிட்டுப் போற டூர் ஒண்ணு இருக்கு, புக் பண்ணிடவா?" என்றான். கூட வருவது அவன் மனைவி, 9 வயதுப் பையன், அப்புறம் எங்கள் அம்மா. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு.

"இரு, அவசரப்படாத. நாளைக்குப் பேசறேன்" என்று சொல்லி வைத்தேன். பொம்பெய் என்பது கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்துப் புதைத்த ரோமானிய ஊர். இரண்டும் நேப்பிள்ஸ் பக்கத்தில்தான். இந்தப் பயணத்தை நான் இரண்டு விதமாகவும் போய் வந்திருக்கிறேன். முதல் தடவை ஸ்டுட்கார்ட்டிலிருந்து தோழிகள் மூன்று பேரோடு, டூர் வண்டியில், ஒரே நாள். இரண்டாவது தடவை தனியாக, ரயிலும் பஸ்ஸுமாக, மூன்று நாள் தங்கி. காசில் வித்தியாசம் இருந்தது உண்மைதான், ஆனால் நான் யோசித்தது அதை வைத்து அல்ல. ஒரு பகலில் இருக்கும் எட்டு மணி நேரம் எதற்குச் செலவாகிறது என்பதில்தான் இரண்டு பயணமும் வேறு வேறாக இருந்தன. தம்பிக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைக் கழித்துவிடலாம். ரோமில் தங்கிக்கொண்டு விடியற்காலையில் பஸ் ஏறி, இரண்டு இடத்தையும் பார்த்துவிட்டு ராத்திரி ரோமுக்கே திரும்பும் டூர்கள் நிறைய விற்கிறார்கள். மொத்தம் 12, 13 மணி நேரம் ஆகும், அதில் பாதி நெடுஞ்சாலையில் போய்விடும். ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு அதிவேக ரயில் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. முந்தின நாள் சாயங்காலம் வந்து ஒரு ராத்திரி தங்கிவிட்டால் காலை 9 மணிக்கு வாசல் திறக்கும்போது நீங்கள் அங்கே நிற்கலாம். பெரியவர்களையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு ரோம் பஸ்ஸைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

நேப்பிள்ஸிலிருந்து டூர் வண்டி

இந்த டூர்களின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். காலை 8.30 வாக்கில் துறைமுகத்துப் பக்கமோ மத்திய ரயில் நிலையத்துப் பக்கமோ ஏற்றிக்கொள்வார்கள். பொம்பெயில் வழிகாட்டியோடு 2 மணி நேரம். பிறகு சாப்பாடு. பிறகு வண்டி மலையேறி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 மீட்டர் உயரத்தில் இருக்கும் நிறுத்தத்தில் இறக்கிவிடும். அங்கே ஒன்றரை மணி நேரம். மாலை 5 மணிக்கு முன்பின்னாக நேப்பிள்ஸ். பெரியவர் ஒருவருக்கு 100 யூரோவும் அதற்கு மேலும் கேட்பார்கள்.

இதில் உண்மையான லாபம் இரண்டு. மாற்றி மாற்றி ஏறி இறங்கும் கவலை இல்லை. பொம்பெயில் நல்ல வழிகாட்டி வாய்த்தால் அந்த 2 மணி நேரம் பொன்னான நேரம். எங்களுக்கு வாய்த்தவர் அறுபது வயதுக்காரர். தெருவோரத்து ரொட்டிக் கடை ஒன்றின் முன் எங்களை நிறுத்தி, இடுப்புயர மாவுக்கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கல்லில் பொடிப்பொடியாக ஓட்டைகள். "இது எரிமலைக் கல். இதில் அரைத்த மாவைத்தான் ஊரே சாப்பிட்டது" என்றார். கல்லின் மேல்பாதியில் மரக்கட்டை செருகும் சதுரத் துளை இருந்தது. கழுதையைக் கட்டிச் சுற்ற விடுவார்களாம், செக்கு மாடு மாதிரி. இன்னொரு ரொட்டிக் கடையின் அடுப்பில் 1862-இல் தோண்டியபோது 81 ரொட்டிகள் கரியாகி அப்படியே இருந்தன என்று சொன்னபோது தோழி ஒருத்தி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கையேட்டைப் பார்த்துக்கொண்டு தனியாக நடந்திருந்தால் அந்தக் கல்லைக் கடந்து போயிருப்பேன்.

ஆனால் 2 மணி நேரம்! பொம்பெய் மொத்தம் 66 ஹெக்டேர், அதில் மூன்றில் இரண்டு பங்கு தோண்டியிருக்கிறார்கள். இரண்டு மணி நேரத்தில் மரினா வாசல் வழியாக உள்ளே போய், பொதுச் சதுக்கம், ஒரு குளியல் கூடம், ஒன்றிரண்டு கடைகள், இறந்தவர்களின் உடல் பதிந்த வெற்றிடத்தில் சாந்து ஊற்றி எடுத்த வார்ப்புகள் சிலவற்றைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். ஊரின் கிழக்கு மூலையில் இருக்கும் வட்டரங்கத்தை நாங்கள் பார்க்கவில்லை. கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 70 ஆண்டுகள் முன்னால் கட்டியது அது. அதன் பக்கத்தில், தப்பி ஓடும்போது விழுந்த 13 பேரின் வார்ப்புகள் இருக்கும் தோட்டத்தையும் பார்க்கவில்லை. ஊருக்கு வெளியே, சிவப்புச் சுவரோவியங்கள் உள்ள மிஸ்தேரி மாளிகையும் இல்லை. 20 ஆண்டுகள் மூடிக் கிடந்து 2023 ஜனவரியில் திறந்த வெத்தி வீடு என்ற பணக்கார வீட்டின் வாசலைக் கடந்துதான் போனோம். வரிசை நீளம், நேரம் இல்லை என்றார் வழிகாட்டி. அவர் மேல் தப்பில்லை.

மலையில் நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பலர் ஏமாறுகிறார்கள். "வழிகாட்டியுடன் கூடிய முழுநாள் பயணம்" என்று போட்டிருந்தால் மலைக்கும் வழிகாட்டி வருவார் என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் வர மாட்டார். பொம்பெயோடு அவர் வேலை முடிந்தது. மேலே ஓட்டுநர் இறக்கிவிட்டு, இத்தனை மணிக்கு வந்துவிடுங்கள் என்பார், அவ்வளவுதான். எங்களுக்கு அதைவிடப் பெரிய சிக்கல் வந்தது. நுழைவுச்சீட்டு சேர்த்தி என்று எழுதியிருந்தது பொம்பெய்க்கு மட்டும் என்பது வாசலில்தான் தெரிந்தது. வெசுவியஸுக்கு இணையத்தில்தான் சீட்டு, நேரம் குறித்து வாங்க வேண்டும், வாசலில் விற்பதில்லை. அங்கே போன் சிக்னலும் சரியாக இல்லை. சிக்னல் தேடிக்கொண்டு சாலையில் கீழும் மேலும் நடந்து, வங்கியின் ஒப்புதல் வந்து, நான்கு சீட்டு வாங்கி முடிப்பதற்குள் 40 நிமிடம் போய்விட்டது. மிச்சமிருந்த 50 நிமிடத்தில் மூச்சுமுட்ட ஏறி, விளிம்பில் நின்று படம் எடுத்து, ஓடி இறங்கினோம். எரிமலையைப் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு அன்று மனம் வரவில்லை.

அதனால் டூர்தான் என்று முடிவு செய்பவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: பொம்பெய்க்குள் வழிகாட்டியோடு எத்தனை மணி நேரம், வெசுவியஸ் சீட்டு விலையில் சேர்ந்ததா, மலை வாசலில் எத்தனை நிமிடம் தருவீர்கள். சாப்பாட்டோடு மலைச் சரிவுத் தோட்டத்து ஒயின் ருசிபார்ப்பையும் சேர்த்து விலையை ஏற்றியிருப்பார்கள். ஒயின் குடிக்காத வீட்டுக்கு அது வீண் செலவு, ஒரு மணி நேரமும் அதில் போய்விடும். சைவம் என்றால் கவலை இல்லை, தக்காளியும் பூண்டும் மட்டும் போட்ட மரினாரா பீட்சா எந்தக் கடையிலும் கிடைக்கும்.

நாமே போவது

நேப்பிள்ஸ் மத்திய நிலையத்தின் கீழ்த்தளத்திலிருந்து சிர்கும்வெசுவியானா என்ற உள்ளூர் ரயில் கிளம்புகிறது. சொரெந்தோ போகும் வண்டியில் ஏறினால் 40 நிமிடத்துக்குள் 'பொம்பெய் ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தேரி' நிலையம். இறங்கினால் எதிரிலேயே மரினா வாசல். புதிய பொம்பெய் ஊருக்குள் வேறு நிலையமும் இருக்கிறது. பெயரை முழுதாகப் பார்த்து இறங்குங்கள். நம்ம ஊர் பாசஞ்சர் வண்டி போலக் கூட்டம் இருக்கும், கைப்பையை முன்னால் போட்டுக்கொள்வது நல்லது. கட்டணம் சில யூரோதான்.

பொம்பெய்க்குச் சீட்டு 20 யூரோவை ஒட்டி வரும், 18 வயதுக்குக் கீழே இலவசம். 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் விடுவதில்லை. சீட்டில் பார்வையாளரின் பெயரும் இருக்க வேண்டும். இது நம் ஆட்கள் கவனிக்க வேண்டிய விஷயம். பலருக்கு இனிஷியல் ஒரு இடத்தில், அப்பா பெயர் ஒரு இடத்தில் என்று பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் வழக்கத்தில் வேறு மாதிரியும் இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடுங்கள், பாஸ்போர்ட்டையும் கையில் வைத்திருங்கள். பெரிய பையை உள்ளே விட மாட்டார்கள், வாசலில் வைத்துவிட்டுப் போகலாம்.

தனியாகப் போகும்போது வழிகாட்டி இல்லாமல் போவதா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். முதல் 2 மணி நேரத்துக்கு உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் நம் இஷ்டத்துக்குச் சுற்றுவதுதான் சரியான கலவை. கூட்டமாகச் சேர்ந்து போகும் நடைகளும் கிடைக்கின்றன, தலைக்கு இவ்வளவு என்று. வழிகாட்டி நல்லவரா என்று பார்க்க நான் ஒரு கேள்வி கேட்பேன்: மலை எந்த மாதம் வெடித்தது? கி.பி. 79 ஆகஸ்ட் 24 என்பது நெடுங்காலமாகச் சொல்லி வரும் தேதி. 2018-இல் ஒரு வீட்டுச் சுவரில் கரியால் கிறுக்கிய எழுத்து ஒன்று கிடைத்தது. அதில் அக்டோபர் 17-ஐக் குறிக்கும் தேதி இருக்கிறது. கரிக்கோடு எளிதில் அழிந்துவிடும் என்பதால் அது அந்த ஆண்டே எழுதியதாக இருக்கும், வெடிப்பு அக்டோபர் கடைசியில் நடந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தக் கதையை ஆர்வமாகச் சொல்பவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

நமக்கு இன்னொரு கதையும் அங்கே உண்டு. வெடிப்பைப் பார்த்துவிட்டு மிசேனும் துறையிலிருந்து கப்பலோடு உதவிக்கு வந்து, கரையில் இறந்துபோனவர் மூத்த பிளினி. கடற்படைத் தளபதி, அதோடு பெரிய எழுத்தாளர். இவர்தான் மிளகுக்கும் மற்றச் சரக்குகளுக்கும் ஆண்டுதோறும் 5 கோடி செஸ்தெர்ஸ் நாணயம் இந்தியாவுக்குப் போகிறதே என்று வருந்தி எழுதியவர், முசிறித் துறைமுகத்தைப் பெயர் சொல்லிக் குறித்தவர். பொன்னோடு வந்து மிளகோடு போன யவனர் என்று சங்கப் பாட்டு சொல்கிறதே, அந்த வியாபாரத்தை மறுகரையிலிருந்து பார்த்த மனிதர் இந்த மலையால் செத்தார். பொம்பெயின் வீடொன்றில் 1938-இல் கிடைத்த சிறு தந்தப் பெண் சிலை இந்தியாவில் செய்தது. இப்போது நேப்பிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சிலை இல்லை, தக்காணப் பக்கம் என்கிறார்கள். இருந்தாலும் அதன் முன்னால் நான் நிற்கும்போது ஊர்க்காரியைப் பார்த்த மாதிரிதான் இருந்தது.

சரி, மலை. பொம்பெயிலிருந்து மலைக்குப் பஸ் இருக்கிறது, ஏறக்குறைய ஒரு மணி நேரம். எண்ணிக்கை குறைவு. திரும்பும் கடைசி வண்டி எப்போது என்று ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். காலை 9-க்கு பொம்பெய்க்குள் போய், 12.30-க்கு வெளியே வந்து, 2 மணிக்கு மலை வாசல், 4 மணிக்கு இறக்கம் என்று போட்டால் ஒரு நாளில் முடியும். டூர் வண்டியைவிட பொம்பெயில் ஒன்றரை மணி நேரம் கூடுதல், செலவு ஏறக்குறைய பாதி. ஆனால் நாள் முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இளசுகள் இரண்டு பேர் என்றால் செய்யலாம். அம்மாவை வைத்துக்கொண்டு முடியாது.

மலையோடு சேர வேண்டிய ஊர் ஹெர்குலேனியம்

இரண்டாவது பயணத்தில்தான் எனக்கு இது புரிந்தது. ஒரே நாளில் இடிபாடும் எரிமலையும் வேண்டும் என்றால், மலைக்கு ஜோடி பொம்பெய் இல்லை. ஹெர்குலேனியம்தான்.

இரண்டு ஊரும் ஒரே வெடிப்பில் அழிந்தவை, ஆனால் அழிந்த விதம் வேறு. காற்று தென்கிழக்குப் பக்கம் அடித்துக்கொண்டிருந்ததால், மேலே கிளம்பிய நுரைக்கல்லும் சாம்பலும் மணிக்கணக்காக பொம்பெய் மீது கொட்டின. ஆள் உயரத்துக்கு மேல் கல் சேர்ந்து, பாரம் தாங்காமல் கூரைகள் விழுந்தன. மறுநாள் காலையில்தான் கொதிக்கும் சாம்பல் வெள்ளம் வந்து மிச்சத்தை முடித்தது. அதனால்தான் பொம்பெயில் நாம் பார்ப்பது பெரும்பாலும் கூரையில்லாத சுவர்கள். மலைக்கு மேற்கே இருந்த ஹெர்குலேனியத்தில் கல்மழை குறைவு. ஆனால் ராத்திரியிலேயே அந்தக் கொதிக்கும் வெள்ளம் வந்துவிட்டது, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அலை. ஊர் சுமார் 20 மீட்டர் ஆழத்தில் புதைந்தது. அந்த வெப்பத்தில் மரம் எரிந்து சாம்பலாகாமல் கரியாகி நின்றுவிட்டது.

ஆகவே ஹெர்குலேனியத்தில் இரண்டாம் மாடி இருக்கிறது. கதவு இருக்கிறது. ஒரு வீட்டின் கூடத்தில் மரத் தடுப்பு ஒன்று, மடக்குக் கதவு மாதிரி, கரிக்கட்டையாக நிற்கிறது. கடை ஒன்றில் சாடிகளை அடுக்கி வைத்த மரத்தட்டு அப்படியே. விட்டத்தின் முனை சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிறது, அடுப்பில் பாதி வெந்த விறகைப் போல, மேலே சதுரம் சதுரமாக வெடித்து. தொட்டில்கூடக் கரியாகிக் கிடைத்த ஊர் அது. பழைய தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தால் பள்ளத்தின் விளிம்பில் இன்றைய எர்கோலானோ ஊரின் மாடிகள், கொடியில் துணி காய்கிறது. பழைய ஊரின் பெரும்பகுதி அந்த வீடுகளுக்கு அடியில் இன்னும் கிடக்கிறது.

கடற்கரையாக இருந்த இடத்தில் படகுக் கொட்டில்கள் வரிசையாக இருக்கின்றன. 1980-களில் தோண்டத் தொடங்கியபோது அங்கே சுமார் 300 பேரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. படகு வரும் என்று காத்திருந்தவர்கள். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். தம்பியிடம், பையனை அங்கே அழைத்துப் போவதா வேண்டாமா என்று முன்கூட்டியே முடிவு செய்யச் சொன்னேன். பொம்பெயின் வார்ப்புகள் வேறு. அவை 1863-இல் அகழாய்வை நடத்திய ஃபியோரெல்லி கண்டுபிடித்த முறையில், உடல் மக்கிப்போன வெற்றிடத்தில் சாந்து ஊற்றி எடுத்தவை. கொட்டில்களில் தெரிபவை எலும்புக்கூடுகள், இப்போது வைத்திருப்பவை அசலின் நகல்கள்தான் என்றாலும். எனக்கே அன்று சாப்பாடு இறங்கவில்லை.

இனி நேரக் கணக்கு. பொம்பெயைப் பார்க்க ஒரு நாள் பத்தாது என்றால் ஹெர்குலேனியத்துக்கு இரண்டரை மணி நேரம் தாராளம். தோண்டிய பகுதி சிறியது. நேப்பிள்ஸிலிருந்து எர்கோலானோ ஸ்காவி நிலையம் 20 நிமிடம்தான், நிலையத்திலிருந்து கடலைப் பார்த்து நேராக 10 நிமிடம் இறங்கி நடந்தால் வாசல். மலைக்குப் போகும் வேன்கள் அதே நிலையத்து வாசலிலிருந்தே கிளம்புகின்றன. காலை முதல் வேனில் மேலே போய், மத்தியானம் இறங்கி, சாப்பிட்டுவிட்டு ஹெர்குலேனியம். அது பள்ளத்தில் இருப்பதாலும் சில வீடுகளுக்குக் கூரை இருப்பதாலும் மத்தியான வெயிலை ஓரளவு தாங்கலாம். பொம்பெயில் ஜூலை மாதம் ஒரு மணிக்கு நிழல் தேடி அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அங்கே தெருமுனைகளில் குடிநீர்க் குழாய் இருப்பது ஒன்றுதான் ஆறுதல்.

மலையைக் காலையில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மத்தியானம் ஆக ஆக உச்சியில் மேகம் கட்டிக்கொள்ளும் நாட்கள் அதிகம். விளிம்பில் நின்றும் வெள்ளையாக ஒன்றும் தெரியாமல் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பொம்பெயோடு சேர்த்தால் வெயிலுக்குப் பயந்து பொம்பெயைக் காலையில் வைக்க வேண்டியிருக்கும், மலை மத்தியானத்துக்குப் போய்விடும். ஹெர்குலேனியத்தோடு சேர்த்தால் இந்த இழுபறி இல்லை.

ஏற்றம் எப்படி?

மலை ஏறுவது என்றதும் பயப்படுகிறார்கள், இல்லையென்றால் ஒன்றுமில்லை என்று செருப்போடு வருகிறார்கள். வெசுவியஸின் உச்சி 1281 மீட்டர், ஆனால் நாம் உச்சிக்குப் போவதில்லை. வண்டி 1000 மீட்டர் வரை போய்விடும். அங்கிருந்து பாதை சுமார் 1170 மீட்டரில் எரிமலைவாயின் விளிம்பைத் தொடுகிறது. திருச்சி மலைக்கோட்டை 83 மீட்டர். அதை இரண்டு தடவை ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் படி கிடையாது. அகலமான சரிவுப் பாதை, மேலே சாம்பலும் பொடிக்கல்லும். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் வழுக்கும். அரை மணி நேரத்தில் விளிம்பு. விளிம்போடு நடந்து திரும்ப மொத்தம் 4 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கழிப்பறை கீழேயே, மேலே எதிர்பார்க்க வேண்டாம். காற்று பலமாக இருக்கும், செப்டம்பரிலும் ஒரு மேல்சட்டை வேண்டும்.

விளிம்பில் நெருப்பு தெரியாது. 1944 மார்ச்சில் கடைசியாக வெடித்து மலை வாயை மூடிக்கொண்டது. சுமார் 300 மீட்டர் ஆழப் பள்ளம், அரை கிலோமீட்டர் அகலம், உள்ளே சாம்பல் நிறமும் துருச்சிவப்பும் அடுக்கடுக்காக. தனியாகப் போன அன்று அவசரம் இல்லாததால் ஒரே இடத்தில் ரொம்ப நேரம் நின்றேன். எதிர்ச்சுவரின் வெடிப்பிலிருந்து இட்லிப் பானை மூடியின் ஓரத்தில் வருவது போல மெல்லிசாக ஆவி வந்துகொண்டிருந்தது. வரும், நிற்கும், வரும். திரும்பினால் நேப்பிள்ஸ் வளைகுடா முழுக்க, காப்ரித் தீவு, சொரெந்தோ மூக்கு, கீழே கடற்கரை வரை வீடு வீடு வீடு. வெடித்தால் முதலில் வெளியேற்ற வேண்டிய பகுதியில் மட்டும் 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். 1841-இல் தொடங்கிய வெசுவியஸ் ஆய்வகம், எரிமலைக்கென்றே அமைந்த ஆய்வகங்களில் உலகிலேயே பழையது, இன்றும் ராப்பகலாக இந்த மலையைக் கவனித்துக்கொண்டிருக்கிறது. ஆவியையும் வீடுகளையும் ஒரே இடத்தில் நின்று பார்த்த பிறகு கீழே இறங்கி ஹெர்குலேனியத்தின் கரிக் கதவைப் பார்த்தேன். மலையை முதலில் பார்த்ததால்தான் அந்தக் கதவு எனக்கு அப்படித் தைத்தது.

இறங்கும் வழியில் பாறைகளைக் கவனியுங்கள். 1944-இன் குழம்பு ஓடி உறைந்த இடங்களில் கல் முழுக்க வெள்ளிச் சாம்பல் நிறத்தில் பாசி மாதிரி படர்ந்திருக்கும். அது கற்பாசி. உறைந்த குழம்பில் முதலில் குடியேறும் உயிர்களில் ஒன்று. அதன் அறிவியல் பெயரிலேயே வெசுவியஸின் பெயர் இருக்கிறது.

ஒன்று மட்டும் மனத்தில் இருக்கட்டும். பலத்த காற்று, மழை என்றால் பாதையை மூடிவிடுவார்கள். 2025 ஆகஸ்டில் காட்டுத்தீயால் மூடினார்கள். எந்த வழியில் போனாலும் மலை இல்லாமல் அந்த நாள் எப்படி இருக்கும் என்று யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். ஹெர்குலேனியம் பக்கத்தில் இருந்தால் ரயில் ஏறி நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்துக்கு வந்துவிடலாம். பொம்பெயின் நல்ல ஓவியங்களும் அலெக்சாந்தர் போர்ச் சித்திரமும் அங்கேதான் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை விடுமுறை.

யாருக்கு எது?

எனக்கு இதில் தெளிவான கருத்து இருக்கிறது. இரண்டு நாள் இருந்தால் ஒரு முழு நாளை பொம்பெய்க்குக் கொடுத்து, மறுநாள் மலையும் ஹெர்குலேனியமும். இதைவிட நல்ல வழி இல்லை. ஒரே நாள்தான், நடக்கத் தெம்பு இருக்கிறது என்றால் மலையும் ஹெர்குலேனியமும். "பொம்பெய் பார்க்காமலா?" என்று ஊரில் கேட்பார்கள். கேட்கட்டும். ஹெர்குலேனியத்தை நிதானமாகப் பார்த்தவர்களுக்கு ரோமானிய வீட்டில் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது பிடிபட்டிருக்கும்.

பொம்பெய் என்ற பெயரோடுதான் சின்ன வயதிலிருந்து கனவு என்றால், அந்த ஒரு நாளை பொம்பெய்க்கே கொடுத்துவிட்டு மலையை விட்டுவிடுங்கள். பொதுச் சதுக்கத்தில் நின்றால் கோயில் தூண்களுக்குப் பின்னால் மலை நன்றாகவே தெரியும். டூர் வண்டி யாருக்கு என்றால், ஒரே நாள்தான் இருந்து, இரண்டு பெயரையும் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும், வழி தேடும் தலைவலி வேண்டாம் என்பவர்களுக்கு. அது தப்பில்லை. ஆனால் நான் மேலே சொன்ன மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுப் போகட்டும். நாலைந்து பேர் குடும்பமாக வந்தால் ஓட்டுநரோடு தனி வேன் பேசுவதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். டூரில் தலைக்கு 100 என்று கட்டும் இடத்தில் விலை ரொம்பத் தள்ளிப் போகாது, நேரம் நம் கையில் இருக்கும். வண்டி 1000 மீட்டர் நிறுத்தம் வரை போகுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாள் தம்பியைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். ரோமில் போட்டிருந்த 4 ராத்திரியில் ஒன்றைக் குறைத்தால் நேப்பிள்ஸுக்கு இரண்டு பகல் கிடைக்கும் என்றேன். கொஞ்சம் முனகினான். அதற்குள் அம்மா போனை வாங்கி, "மலை ஏறறவங்க ஏறுங்கப்பா. எனக்கு அந்த ரொட்டிக் கடை இருக்கற ஊரைக் காட்டு, போதும்" என்றார். அம்மாவின் முழங்காலை நினைத்து இன்னொரு விஷயம் சொன்னேன். பொம்பெயின் தெருக்கள் பெரிய பெரிய கற்கள் பாவியவை, வண்டிச் சக்கரம் பதிந்த பள்ளம் வேறு, கணுக்கால் பிசகிவிடும். ஆனால் வட்டரங்க வாசலிலிருந்து உள்ளே போக, சக்கர நாற்காலியும் போகும்படி சமதளமாக ஒரு பாதை அமைத்திருக்கிறார்கள். 3 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. எல்லாரும் போகிற மரினா வாசலை விட்டு நாங்கள் அந்த வாசலில் நுழையப் போகிறோம்.

நானும் ஸ்டுட்கார்ட்டிலிருந்து வருகிறேன். முதல் நாள் ஐந்து பேரும் பொம்பெய், காலை 9 மணிச் சீட்டு, முதல் 2 மணி நேரத்துக்கு வழிகாட்டி. இரண்டாம் நாள் காலை தம்பி, அவன் மனைவி, பையன் மூவரும் மலைக்கு. நானும் அம்மாவும் அருங்காட்சியகத்தில் அந்தத் தந்தச் சிலையைப் பார்த்துவிட்டு, மத்தியானம் எர்கோலானோ நிலையத்தில் அவர்களோடு சேர்ந்துகொள்வோம். மலைக்கு மூன்று சீட்டு, காலை 10 மணிக்கு என்று நேரம் குறித்து, வீட்டிலிருந்தே வாங்கியாகிவிட்டது. பொம்பெய் சீட்டில் அம்மாவின் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, தாத்தா பெயரையும் சேர்த்துப் போட்டேன்.